கலியபெருமாள் அண்ணனின் வலது தோள்

நேற்று முன்தினம் காலை அரியலூர் வண்டியில் வந்திறங்கிய கண்டக்டர்தான், டிரைவர் கலியபெருமாள் ஆண்டிமடத்தில் இறந்துவிட்டார் என்று சொன்னார். நான் உடனே நம்பவில்லை. எதையுமே நம்பாத மனிதரைப் பற்றிய செய்தியை மட்டும் விசாரிக்காமல் எப்படி நம்புவது? அவரோடு வண்டி ஓட்டிய உங்களுக்குத் தெரியும். டீயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார்.

நான் டிப்ளமா முடித்துப் பெரம்பலூர் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில், ஸ்டீயரிங் இறுகுகிறது என்று அவர் தினமும் வந்து நிற்பார். கழற்றிப் பார்த்தேன், கிரீஸ் வைத்தேன். குறை எதுவும் இல்லை. அதே வண்டி மற்ற டிரைவர்களுக்குப் பூப்போலத் திரும்பியது.

“வேலைக்கு டிமிக்கி குடுக்கப் பாக்குறீங்களாண்ணே?”

“மொதலாளி மச்சானுக்கு என் சீட்டு வேணும். அதுக்கு நீ ஆளு. தெரியாதா எனக்கு?”

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் ஒருநாள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து அரியலூர் போனேன். வளைவுகளில் அவர் வலது கை ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தை விட்டு மேலே ஏறவே இல்லை. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது, தோள் காதுவரை எழும்பியது, உடம்பு மொத்தமும் சாய்ந்து வண்டியைத் திருப்பியது. இறங்கியதும் சட்டையைக் கழற்றிக் குழாயடியில் குனிந்தார். முதுகுப் பக்கம் வலது தோள்பட்டைக்கு மேல் சதையே இல்லை, தோண்டி எடுத்தது போல் குழி. அதை ஒட்டிய கழுத்துச் சதை மட்டும் பருத்திருந்தது.

“ஏண்ணே மறைச்சீங்க?”

“சொன்னா சீட்டுல உக்கார வுடுவியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் என்ன கேள்வி?”

முந்தின வருடம் வண்டியின் பின் ஏணியில் கால் சறுக்கி ஒற்றைக் கையில் தொங்கியிருக்கிறார். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டதோடு சரி. திருச்சிக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் விளக்கினார்: தோள்மூட்டில் தசைநார் அறுந்துவிட்டது. இழுக்கப் பிடிப்பில்லாத தசை இளைத்து, உள்ளே கொழுப்பு ஏறிவிட்டது. அதன் வேலையைக் கழுத்துத் தசை எடுத்துக்கொண்டது. இனித் தைத்தாலும் அந்தக் கொழுப்பு திரும்பச் சதையாகாது.

பெல்ட் அறுந்தால் மோட்டார் சும்மா சுற்றும், சுருங்காது. உடம்பு சுருங்குகிறது. பக்கத்துச் சதை அதை மூடி மறைக்கிறது. இந்த ஏமாற்று எனக்குப் பிடிக்கவில்லை. வண்டி நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கிறதே. முதலாளியிடம் சொன்னேன். அண்ணனை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகப் போட்டார்கள். அந்தச் சீட்டுக்கு மச்சான் வரவில்லை, செல்வராசு என்ற வேறொரு டிரைவர் வந்தான். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் அவராகவே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். செல்வராசுவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

“தலை சீவுறப்ப இவன் தோளு காதுக்கு ஏறுது, பாரு. இன்னும் குழி வுழல. இப்பவே திருச்சிக்கு இட்டுக்கிட்டுப் போ.”

எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். அவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனாயிற்றே.

செல்வராசு கத்தினான்: “சார், இந்தாளு பழி வாங்குறாரு! என்னய எறக்கப் பாக்குறாரு!”

“பழி வாங்கணும்னா பேசாம இருந்திருப்பேன்டா, கூறுகெட்டவனே. குழி தானா வுழுந்திருக்கும்.”

மறுநாளே அவனை அழைத்துப் போனேன். திருச்சியில் அவனுக்கும் நார் கிழிந்திருப்பது தெரிந்தது. தசை கெடுமுன் தைத்துவிட்டார்கள். பல மாதம் கழித்து அதே சீட்டில் ஏறினான். “ஓட்டுறான். பாத்துக்க, நம்பாத” என்றார் அண்ணன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சந்தேகம்தான். டிரைவர் கையைத் தூக்கிக் காட்டினால் நான் கையைப் பார்ப்பதில்லை, பின்னால் போய் நிற்கிறேன். நேற்று ஆண்டிமடத்தில் பாடையின் முன்பக்கம் செல்வராசுவின் வலது தோளில் இருந்தது. சட்டையில்லாத முதுகு. குழி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சுடுகாடு வரை நான் கண்ணை எடுக்கவில்லை.