எடிசனுக்கு உறவு சொன்ன பளீல்

கல்முனையில் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டும் பளீலைப் பொறுத்தவரை, உலகத்தில் பேர் எடுத்த எவனும் வெளியூரான் இல்லை. ஸ்பீக்கர் கட்ட ஏறிய தென்னையில் தொங்கியபடியே கீழே நிற்பவர்களுக்கு உறவுமுறை சொல்வான். கொலம்பஸ் மருதமுனைப் பக்கத்து ஆளாம். ஓரிடத்துக்குப் புறப்பட்டு வேறிடத்தில் போய் இறங்கினான், ஒருத்தரிடமும் வழி கேட்கவில்லை, வேறு சாட்சி எதற்கு? பாட்டுப்பெட்டி கண்டுபிடித்த எடிசனோ, அன்றைக்குப் பளீல் எந்த வீட்டில் பாட்டுப் போடுகிறானோ அந்த வீட்டாரின் குடி, அவர்கள் வம்சம். எடிசனுக்குக் காது மந்தம், இந்த வீட்டிலும் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்பான். வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கொடுப்பார்கள்.

எடிசனுக்கு ஊரெல்லாம் குடி கொடுத்த பளீலுக்குத் தன் குடி தெரியாது. குடி தாய்வழியில் வருவது. ஐம்பத்தேழு வெள்ளத்தில், தவழ்கிற பிள்ளையாக ஒரு கூரையில் கிடந்தவனை லொறிக்கார அபூசாலிதான் தூக்கி வந்து வளர்த்தார். தாய் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியவில்லை.

எழுபத்தொன்பதில் சபியா உம்மா தன் இளைய மகள் றாஹிலாவுக்கு அவனை மாப்பிள்ளை கேட்டு ஆள் அனுப்பினார். பளீலுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. றாஹிலா என்றால் அவனுக்கு உயிர். ஆனால் ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது. அவன் அவர்கள் குடியாகவே இருந்துவிட்டால்?

வாயில் வந்த ஒரு குடியைச் சொல்லிவிடு என்றான் கூட்டாளி மஜீட். எடிசனுக்குச் சொன்னவனுக்கு இது பெரிய காரியமா என்றும் கேட்டான். பளீல் சபியா உம்மா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒவ்வொரு குடியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். எல்லாம் பொருந்துவது போலவும் இருந்தது, ஒன்றும் பொருந்தாதது போலவும் இருந்தது.

சபியா உம்மா என்ன குடி என்று கேட்டதும் உள்ளதையே சொன்னான்.

"தெரியாது மாமி."

அவர் வெற்றிலையை மடித்தபடி யோசித்தார்.

"மூத்தவள்ற கலியாணத்துல எடிசன் எங்கட குடியெண்டு சொன்னியா, இல்லியா?"

"ஓம்."

"ஒன்ட குடியெண்டா அத முன்பின் தெரியாத ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுப்பியா மகன்? ஆரும் குடுக்கமாட்டாங்க. அப்ப நீ எங்கட குடியில்ல. நாள் பாப்பம்."

பளீல் விரல் விட்டு எண்ணினான். எடிசனுக்கு அவன் கொடுக்காத குடி ஊரில் ஏது? இந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்தக் கரையில் அவனுக்குக் குடியே இல்லை. அது நல்லதா கெட்டதா? நேர்மையாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். கதவுக்குப் பின்னால் றாஹிலா இருமினாள். மூடிக்கொண்டான்.

கல்யாணத்தன்று ஸ்பீக்கர் கட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையே சாரத்தை மடித்துக் கட்டித் தென்னையில் ஏறினான். கீழே நின்ற மஜீட், எடிசன் இன்றைக்கு யாருடைய குடி என்று கேட்டான்.

பளீல் கம்பியை முறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"பொண்டாட்டிர குடிதான். இப்ப அவன் எனக்கு மாமாவா மச்சானா எண்டுதான் விளங்குதில்ல."