தறி நின்ற பிறகு எண்ணிய மூச்சு

தியானம் செய்கிறவர்களிடம் எப்படி ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால், அமைதியைத் தேடி என்று பெரிதாக ஏதாவது சொல்வார்கள். என் விஷயத்தில் அது ஒரு சவர பிளேடில் ஆரம்பித்தது.

அறுபதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில் அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேர் இருந்தோம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அண்ணன் தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, குழித்தறியில் சேலை நெய்தார். நான் திருச்சுழியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் பஸ் ஏறி, இரண்டு பக்கமும் கருவேல மரங்களையும் வெடித்த கரிசலையும் பார்த்துக்கொண்டே போய், பகலெல்லாம் மிஷினைத் தட்டிவிட்டுத் திரும்புவேன். நாற்காலி உத்தியோகம் வந்ததும் எனக்குக் காதும் உத்தியோகக் காது ஆகிவிட்டது. பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த தறிச் சத்தத்தை இப்போது பொறுக்க முடியவில்லை. நானும் நாள் முழுக்க லொடலொடவென்று தட்டிவிட்டு வருகிறவன்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்துக்கொண்டிருந்தேன். தலைவலி. கொஞ்சம் நிறுத்தக் கூடாதா என்று கத்தினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக நெய்தார். விளையாட்டுக்குத்தான் செய்தார், இப்போது தெரிகிறது. நான் கையில் இருந்த பிளேடோடு போய், தறியில் நீளவாக்கில் விரிந்து கிடந்த பாவு நூலில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். ஒரு கை அகலத்துக்கு நூல் அறுந்து தொங்கியது.

பாவு விரித்திருக்கும் இடத்தில் எங்கள் தெருவில் குழந்தைகூடக் கத்தியோடு நடக்காது. அண்ணன் அடிப்பார் என்று நின்றேன். அவர் அடிக்கவில்லை. குழிக்குள் உட்கார்ந்தபடியே அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தார். பொழுது சாயும்வரை பிணைத்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்றார். நான் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லு, குடை எடுத்துக்கிடச் சொல்லு, எல்லாம் அண்ணி வழியாகத்தான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கப் போகும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கே கோபமும் வருவது வேடிக்கைதான். ஆனால் வந்தது.

அந்த நிலையில்தான் மதுரை பஸ் ஸ்டாண்டில் மனப்பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். பத்து வாரப் பயிற்சி. முதலில் கோபம் தணியட்டும், பத்தாவது வாரம் முடிந்ததும் போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். அதுவரை கேட்கவேண்டியதில்லை என்பதில் ஒரு நிம்மதி இருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

விடிந்ததும் என் அறையில் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்காருவேன். மூச்சை ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ண வேண்டும். பிறகு இருபதிலிருந்து ஒன்றுவரை. அது ஒரு சுற்று. புத்தகம் தமிழில் சொன்னது, என் மனசு தெலுங்கில் எண்ணியது. மூன்றாவது வாரத்திலிருந்து இன்னொரு பயிற்சி. யார்மீது கோபமோ அவரை மனக்கண்ணில் நிறுத்தி, மனதார வாழ்த்த வேண்டும். நான் அண்ணனை நிறுத்தினேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் சொன்னேன். என் மனசுக்குள் இருந்த அண்ணன் மிகவும் நல்லவர். தலையாட்டுவார், சிரிப்பார், சில நாள் பேசவும் செய்தார். அசல் அண்ணன் அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் நெய்துகொண்டிருந்தார்.

தொடர்ந்து செய்துவந்தால் வெளிச் சத்தங்கள் தானாக மறைந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நான் அதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். எட்டாவது வாரத்தில் ஒருநாள் அது நடந்தது. அண்ணனை வாழ்த்தி முடித்து மூச்சை எண்ண ஆரம்பித்தேன். தறிச் சத்தம் இல்லை. அடுத்த வீட்டுத் தறி எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. அப்படியொரு சந்தோஷம். கடைசியில் எனக்கும் கைகூடிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் இரண்டு முறை கேட்டது. "என்ன, தறி நின்னுபோச்சு?" அதற்கும் நான் அசையவில்லை. அசையாமல் இருந்ததில் பெருமையாகவும் இருந்தது.

எங்கள் தெருவில் தறியின் சத்தத்தை யாரும் கேட்பதில்லை. நின்றால்தான் கேட்கும். நூல் பிணைக்கும் நேரம் எவ்வளவு, ஊடு நூல் தீர்ந்து தார் மாற்றும் நேரம் எவ்வளவு என்று எல்லோருக்கும் பழக்கம். அதைத் தாண்டினால் குரல் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் வந்து பார்ப்பார்கள். அன்று கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தார்கள். தம்பி வீட்டில் இருக்கிறான் அல்லவா, அவன் பார்த்திருப்பான் என்று நினைத்தார்களாம்.

யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கியபோது கண்ணைத் திறந்தேன். பக்கத்து வீட்டு அம்மா.

"ஏப்பா, காதுல பஞ்சா வச்சு அடைச்சிருக்கு? ஒங்கண்ணன் குழிக்குள்ள சரிஞ்சு கெடக்காக!"

அண்ணி குழாயடியில் இருந்தார். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணியிருந்தது.

"விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"கொஞ்ச நேரந்தான் சார்" என்றேன்.

எனக்குத் துல்லியமாகத் தெரியும். தறி நின்றதிலிருந்து மூன்று சுற்று. நூற்று இருபது மூச்சு. அவ்வளவையும் நான்தான் எண்ணினேன். அண்ணி என்னைப் பார்த்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது இன்றுவரை தெரியாது.

அண்ணன் உயிரோடு வீட்டுக்கு வந்தார். பிறகு வலது காலை இழுத்து இழுத்து ஓரளவு நடந்தார். பேச்சு வரவே இல்லை. வந்த அன்றே, மீதி இரண்டு வாரப் பயிற்சிக்குக் காத்திராமல், கட்டிலருகே உட்கார்ந்து, "பாவை அறுத்தது தப்பு. அன்னைக்கு எந்திரிச்சு வராததும் தப்பு" என்றேன். வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. கோபம் இருந்த இடமே தெரியவில்லை. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். உதடு அசையவில்லை. என்னிடம் பேசமாட்டேன் என்று அவர் வைத்திருந்த பழைய மௌனமா, பேசமுடியாமல் போன புதிய மௌனமா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த ஆறு வருஷமும் தெரியவில்லை.

பயிற்சியை நான் விடவில்லை. பலன் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய். கோபம் குறைந்தது, தூக்கம் வந்தது. எழுபதுகளில் அலுவலகத்தில் என்னைப் பொறுமைசாலி என்று சொன்னவர்கள்கூட உண்டு. அண்ணன் இருந்த அந்த ஆறு வருஷமும் தினமும் காலையில் உட்காருவேன், எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருக்கும்போது தெருச் சத்தம் அடங்குவதுபோல இருந்தால் மட்டும் உடனே கண்ணைத் திறந்து, எழுந்துபோய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.