மண்டல அணிக்காகச் சிதம்பரம் போன நாள்

2008, மார்கழி. காலை ஏழரைக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நானும் அம்மாவும் சிதம்பரம் வண்டி ஏறினோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர்; டிக்கெட் பதினேழு ரூபாய். ஒன்பதரைக்கு அங்கே மகளிர் கல்லூரிகளின் மண்டலக் கூடைப்பந்து அணிக்குத் தேர்வு ஆட்டம். நான் பி.காம். மூன்றாம் ஆண்டு, இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. முந்தைய வருடம் வலது முழங்கால் பிசகிப் படுத்ததிலிருந்து அப்பா விளையாட்டே வேண்டாம் என்றிருந்தார். கால் மறுபடி பிசகினால் அந்த நிமிடமே வெளியே கூட்டி வந்துவிடுவதாக அவரிடம் வாக்குக் கொடுத்துத்தான் அம்மா என்னை அழைத்து வந்தாள்.

செம்மங்குப்பத்து ரசாயன நெடியையும் ஆலப்பாக்கத்தையும் கடந்து, புதுச்சத்திரத்தில் வண்டி நின்றது. குடிநீர் கேட்டுச் சாலை மறியல். ரோடு நெடுகக் காலிக் குடங்கள்.

"இப்போதைக்கு எடுக்க மாட்டாங்க, எறங்கிடுங்க" என்றார் கண்டக்டர்.

கூட்டத்தைத் தாண்டி நடந்தோம். கடலூருக்கு வழியில்லாமல் சிதம்பரம் பக்கமே திரும்பிய ஒரு மீன் வண்டியை அம்மா கைகாட்டி நிறுத்தினாள்.

"அண்ணே, பொண்ணுக்கு செலக்சன். சிதம்பரம் வரைக்கும் ஏத்திக்குங்க."

"முன்னாடி ஏறுங்கக்கா. ஐஸ் தண்ணி சொட்டும், பாத்துக்குங்க."

வெள்ளாற்றுப் பாலம் வந்தபோதே ஒன்பதரை. நான் ஷூ லேஸைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன்.

மைதானத்தில் என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

"லேட்டா வந்தா நான் என்னம்மா பண்றது?" என்றார் தேர்வாளர்.

"மறியல் சார். மீன் வண்டியில வந்தோம், வேணும்னா மோந்து பாருங்க" என்றாள் அம்மா.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை இரண்டாம் பாதியில் இறக்கினார்.

ஆட்டம் முடியும் தறுவாயில், பந்தோடு குதித்து இறங்கியபோது முழங்காலுக்குள் சுரீரென்றது. விழவில்லை. அதைக் கவனித்தவள் அம்மா ஒருத்திதான். கோட்டோரம் எழுந்து நின்றுவிட்டாள். கூப்பிடப் போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். வாயைத் திறந்தவள், முந்தானையால் பொத்திக்கொண்டாள். இடது காலை ஊன்றி எறிந்தேன். பந்து பலகையில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது.

தேர்வான பன்னிரண்டு பேரில் என் பெயர் கடைசி. அந்த அணிக்காக இரண்டே ஆட்டம் ஆடினேன். மூன்றாவதற்குக் கால் இடம் கொடுக்கவில்லை. என் ஆட்டமெல்லாம் அதோடு முடிந்தது. ஆனால் அது பிறகு. அன்று மாலை, திரும்பும் பஸ்ஸில், அம்மா என் காலை மடியில் எடுத்து வைத்து வீக்கத்தை மெல்லத் தடவினாள்.

"அப்பாகிட்ட என்னம்மா சொல்றது?"

"செலக்ட் ஆயிட்டேன்னு நீ சொல்லு. கால் விஷயத்த நான் சொல்லிக்கிறேன்."

கடலூர் வந்து சேரும்வரை அவள் கை என் முழங்காலை விட்டு அகலவில்லை.