ஃப்ரௌ அன்ரன் என்கிற நான்

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் ஆண் ஆசிரியருக்குக் கழிப்பறை இல்லை. ஊரிலிருந்து வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள். ஜேர்மனியில் ஒரு சிறிய நகரத்து ஆரம்பப் பாடசாலை இது. ஆசிரியர் அறைக்குப் பக்கத்திலுள்ள இரண்டு கதவுகளிலும் பெண் உருவம்தான் ஒட்டியிருக்கிறது. எனக்கு அவசரமென்றால் மைதானத்தைக் கடந்து, கட்டடத்தைப் பராமரிப்பவரின் அறைப்பக்கம் போகவேண்டும். பனிக்காலத்தில் அது ஒரு பயணம். இந்தப் பாடசாலையில் வேலை செய்யும் ஆண்கள் நாங்கள் இரண்டு பேர்தான்: அவரும் நானும்.

றெஜினாவைக் கலியாணம் கட்டி இங்கே வந்து, மொழி படித்து, உதவி ஆசிரியராகச் சேர்ந்த முதல் வாரத்தில் பிள்ளைகளின் பெற்றோர் என்னைக் கட்டடம் பராமரிப்பவரென்று நினைத்துப் பழுதான ஹீற்றரைப் பற்றி முறையிட்டார்கள். பிள்ளைகளோ என்னை "ஃப்ரௌ அன்ரன்" என்றார்கள். ஃப்ரௌ என்றால் திருமதி. படிப்பிக்கிறவர் யாரென்றாலும் அப்படிக் கூப்பிட்டே அவர்களுக்குப் பழக்கம். வீட்டில் சொன்னபோது றெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப எனக்கு இனிப் புருசன் இல்லைப்போல," என்றாள்.

எனக்கு அது முழுக்கப் புதிதல்ல. முல்லைத்தீவில், தண்ணீரூற்றுப் பக்கம் இரண்டாம் வகுப்புப் படிப்பித்த காலத்திலும் பிள்ளைகள் முதலில் என்னை "ரீச்சர்" என்பார்கள். அது "சேர்" ஆக ஒரு தவணை எடுக்கும். ஆனால் அங்கே ஆரம்பப் பிரிவில் ஏழு பேரில் மூன்று பேர் ஆண்கள். ஒருவரும் என்னை மின்விசிறி திருத்த வந்தவனென்று நினைக்கவில்லை.

உதவி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஒருநாள் பேச்சு இதில் வந்து நின்றது. சின்ன வகுப்புகளில் எத்தனை ஆண்கள் உங்களுக்குப் படிப்பித்தார்கள் என்று பயிற்றுநர் கேட்டார். உக்ரேனிலிருந்து வந்த நத்தாலியா, "ஒருவருமில்லை," என்றாள். லைபீரியாவிலிருந்து வந்த மோசஸ், "எல்லாரும்," என்றான். ஒரு பெண் படிப்பிப்பதை அவன் முதன்முதலில் கண்டது ஏழாம் வகுப்பிலாம். பயிற்றுநருக்கு வாய்த்தது ஒரேயொருவர், அதுவும் உடற்பயிற்சிக்கு. எனக்குப் பாதிக்குப் பாதி. "ஆண்களுக்கு அது வெட்கமில்லையா?" என்று நத்தாலியா மோசஸைக் கேட்டாள். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "என்ன வெட்கம்? கிராமத்தில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் வாத்தியார். பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள்," என்றான். எங்கள் கரையிலும் அதே கதைதான். நான் நியமனக் கடிதத்துடன் வந்த அன்று, கடல்தொழில் செய்த என் அப்பா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். எந்த வகுப்புக்கு என்று அவர் கேட்கவே இல்லை.

இங்கே அதிபர் நல்ல மனுசி. ஆனால் முதல்நாளே, "பிள்ளைகளோடு தனியாக இருக்கும்போது கதவைத் திறந்து வையுங்கள்," என்றார். குற்றமாகச் சொல்லவில்லைத்தான், ஆனாலும் சுட்டது. ஆறு மாதம் பார்த்த பிறகே வேலையை நிரந்தரமாக்குவார்கள். விழுந்து அழுகிற பிள்ளையைத் தூக்கவும் யோசித்தபடி நாட்களைக் கடத்தினேன்.

வகுப்புப் படம் எடுக்கும் நாளில் லேனா என்ற சிறுமியின் பின்னல் அவிழ்ந்துவிட்டது. வகுப்பாசிரியை வெளியே வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். லேனா அழுதபடி றிபனை என்னிடம் நீட்டினாள். கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு குந்தியிருந்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டினேன். மூன்று தங்கச்சிமாருக்குக் காலையில் பின்னிவிட்ட கை இது. நிமிர்ந்து பார்த்தால் அவளுக்குப் பின்னால் ஆறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் லேனாவின் தாய் வாசலில் நின்றார். "நேற்றுத் தலை பின்னியது யார்?" முகத்தில் சிரிப்பில்லை.

"நான்தான். மன்னியுங்கள், இனிச் செய்யமாட்டேன்."

அவர் குழம்பிப்போனார். "ஏன்? படுக்கும்போதும் அவள் அவிழ்க்க விடவில்லை. என் கணவருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பீர்களா?"

அந்த வெள்ளிக்கிழமை மூன்று தகப்பன்மார் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்து, கம்பளி நூலில் பின்னப் பழகினார்கள். அதிபர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, போகும்போது தானே கதவைச் சாத்திக்கொண்டு போனார். அடுத்த மாதம் நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தது.

வகுப்புப் படத்தை, முன்பு என்னோடு படிப்பித்த ஜெயசீலன் சேருக்கு அனுப்பினேன். உடனே கோல் எடுத்தார். "இஞ்ச ஆரம்பப் பிரிவில இப்ப நான் ஒராள்தான் ஆம்பிளை. நீர் இருந்தா ரெண்டு பேராவது இருந்திருப்பம்."

"நான் வராட்டி இஞ்ச ஒருத்தருமே இல்லை, சேர்."

"ஓம், அதுவும் சரிதான்," என்று சிரித்தார்.

அடுத்த நாள் காலை இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். கடைசிப் பெயரோடு வாய் நிற்கவில்லை. தண்ணீரூற்று இடாப்பில் கடைசியாக இருந்த பெயரையும் கூப்பிட்டுவிட்டது. "வேணுஜன்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுத்து லேனா கையை உயர்த்தினாள். "வேணுஜன் இன்றைக்கு வரவில்லை," என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நானும் தலையாட்டினேன்.