எறும்பு பிடிக்கிற மூலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் இரணியல் பக்கத்து வீடு ஒன்றுக்கு மருமகளாகப் போனேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை வேறு. அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

என் கணவரின் அக்கா புருஷனை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். மைனி என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு கோழிதான் இருந்தது. அது அடைக்கு உட்கார்ந்தால், கடவம் என்கிற ஓலைக் கூடையில் உமி பரப்பி, அடுக்களைச் சாய்ப்பில் ஒரே மூலையில்தான் வைப்பாள். அந்த மூலை முழுக்க ஒட்டடை.

"மக்கா, இத மட்டும் தொடாத. இதுக எறும்பு பிடிக்கிற சிலந்தி" என்றாள்.

"சிலந்திக்கு என்ன பத்தியமா மைனி? விழுந்ததத் தின்னும்" என்று சிரித்தேன். பாடம் நடத்துகிற வாய் அல்லவா.

அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். வலையிலிருந்து தரைவரை சில இழைகள் விறைப்பாக இறங்கியிருந்தன, அடியில் பசை. சுவர் விரிசலிலிருந்து வந்த எறும்பு ஒன்று முட்டியதும் இழை தரையைவிட்டு அறுந்து, எறும்பு அந்தரத்தில் தொங்கியது. சிலந்தி இறங்கி வந்து அதைச் சுற்றிக் கட்டித் தூக்கிக்கொண்டு போனது. கீழே உலர்ந்த எறும்புகள்தான் குவிந்து கிடந்தன. ஓர் ஈயின் இறகுகூட இல்லை. ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

குஞ்சு பொரிக்க ஒரு நாள் இருக்கும்போது மைனி ஒரு சாவுக்காகக் களியக்காவிளைக்குப் போனாள். அன்றைக்குத்தான் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் இருவர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஒட்டடை பிடித்த வீட்டைக் காட்ட எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. வாரியலை எடுத்து மூலையைச் சுத்தமாக அடித்துவிட்டேன். வந்தவர்கள் சாய்ப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மைனி வந்து பார்த்தபோது கோழி கடவத்தைவிட்டு இறங்கி நின்றது. குஞ்சுகள் கொத்தித் திறந்த முட்டை ஓட்டுக்குள் எல்லாம் எறும்பு. ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. சிலந்திகள் இருந்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்குமா, தெரியாது. சில பிழைத்திருக்கும்.

"யாரு இந்த மூலைய அடிச்சது?" என்று என் கணவர் கேட்டார்.

மைனி என் முகத்தைப் பார்த்தாள். "நான்தாம்லே. போறதுக்கு முன்னால அடிச்சுப் போட்டேன்."

"ஒரு கோழியப் பாக்கத் தெரியாட்டா எதுக்கு அடை வைக்க?" என்று அவளை வைதார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்காததை மறுநாள் திறப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. எழுதும்போதுகூடக் கூசுகிறது.

மூன்று மாதம் கழித்துக் கோழி மறுபடியும் அடைக்கு வந்தது. மைனி கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அவள் பிறந்து வளர்ந்த வீடு அது.

"மக்கா, இத எங்க வைக்கட்டும்?" என்று கேட்டாள்.