பெரட்டுக்கு ஓடியவள்

மூட்டுவாதத்தால் நிறுத்தியிருந்த ஓட்டத்தை இன்று காலை பதுளை மைதானத்தில் மறுபடி தொடங்கினேன். கொஞ்ச தூரத்திலேயே முழங்கால் 'டக்' என்று சொடுக்கியது. அது அம்மாவின் சத்தம்.

எழுபதுகளில், அப்புத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், விடியுமுன் அம்மா எழும்பும்போது அவள் முழங்காலும் இப்படித்தான் சொடுக்கும். பழைய சேலைக் கிழிசலை அதில் இறுக்கிக் கட்டுவாள். வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். ஆட்களைக் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் பனிக்குள் ஓடுவாள்.

ஒருநாள் கேட்டேன், "வலிக்கலையாம்மா?"

"நடந்தாத்தான் வலிக்கும் தாயி. ஓடுனா தெரியாது."

அவள் காலடிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை கம்பளிக்குள் தனியாக விழித்திருப்பேன். அவளுக்கு வலிக்கவில்லை என்ற நினைப்பில் திரும்பத் தூங்கிவிடுவேன்.

இன்று மைதானத்தில் வேறு யாரும் இல்லை. கொஞ்சம் நடந்தேன், பிறகு ஓடினேன். ஓடும்போதுதான் கூடுதலாக வலிக்கிறது.