ஆற்றுவாய் வெட்டிய அன்று

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கல்லடியில் வாவிக் கரையோரம் எங்கள் வீடு. அந்த மாரியில் மழை விடாமல் கொட்டி, வாவி நிரம்பி, வயல் வட்டையெல்லாம் வெள்ளம் ஏறிவிட்டது. வயலைக் காப்பாற்ற அன்றைக்கே கடலோர மணல் அடைப்பான ஆற்றுவாயை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடப்போகிறார்கள் என்று காலையில் செய்தி வந்தது. ஆற்றுவாய் திறந்தால் வாவியில் கிடக்கும் எதையும் நீர் இழுத்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் தூண்டில் கயிறும் வாவியில்தான் கிடந்தது. இரண்டு கம்புகளுக்கு நடுவே நீளமாகக் கட்டி, இடைக்கிடை தூண்டில் தொங்கவிட்டு, இறால் குத்திக் கெளிறு மீன் பிடிக்கும் கயிறு. சண்டைக் காலத்தில் கடைகளில் தூண்டிலைக் கண்ணால் காணக் கிடைக்காது. அந்தக் கயிறு போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. என் வீட்டுக்காரரோ முதல் நாள் கெளிற்றின் முள் உள்ளங்கையில் ஏறி, முழங்கை வரை வீங்கி, காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தார்.

கரைக்கு ஓடினேன். என் சொந்த அம்மான், அம்மாவின் கூடப்பிறந்தவர், தன் கயிற்றை எடுத்து முடித்துவிட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எங்களுடையதையும் எடுத்துத் தரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"மற்றவன்ட கயிற்றில நான் கை வைக்கிறல்ல, புள்ள. அவன் எழும்பி வரட்டும்" என்றார்.

அடுத்தவன் கயிற்றைத் தொட்டால் களவு. எங்கள் கரையின் வழக்கம் அது. நானும் அதில் வளர்ந்தவள்தான். கள்ளனுக்காக வைத்த வழக்கத்தை அன்று தங்கள் சோம்பலுக்குப் போர்வையாக்கினார்கள். அவருக்குப் பின்னால் நின்ற மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள்.

நானே போகிறேன் என்று தோணியை அவிழ்த்தேன். அதுவரை ஊமையாக நின்றவர்களுக்கெல்லாம் உடனே பேச்சு வந்துவிட்டது. தூண்டில் தோணியில் பெண் கால் வைத்தால் மீன் படாதாம், கரைக்கே கேடாம். உதவி செய்ய ஒரு கை நீளவில்லை. தடுக்க மட்டும் அத்தனை கையும் நீண்டது. ஆனாலும் எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஒருவர் தோணியைப் பிடித்து நிறுத்தினால்தான் மற்றவர் கயிற்றை எடுக்கலாம்.

மழைக்கு மரத்தடியில் ஒதுங்கி நின்ற ஒருவர் இறங்கி வந்தார். உடுக்கும் சாரன் விற்க மூட்டையோடு ஊர் ஊராகப் போகும் காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி. அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"உங்கட ஊர் வழக்கம் எனக்கில்லையே, தங்கச்சி. கயிறு எந்தப் பக்கம் கிடக்கு?" என்றார். பிறகு மூட்டையை அம்மானின் மடியில் வைத்தார். "இதப் பார்த்துக்கொள்ளுங்க. இது கயிறில்ல, தொடலாம்."

அவர் தோணிக்குப் பழகியவர் அல்லர். தோணி தள்ளும் கம்பை ஊன்றத் தெரியாமல் தோணியை இரண்டு தரம் சுற்றவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே நீர் இழுக்கத் தொடங்கி, கயிறு கட்டிய ஒரு பக்கத்துக் கம்பு சாய்ந்திருந்தது. மீனைக் கழற்ற நேரமில்லை. முள்ளை விரித்துத் துடித்த கெளிறுகளோடு கயிற்றை அப்படியே அள்ளித் தோணிக்குள் போட்டேன். அவர் ஓதிக்கொண்டே, தோணி நகராமல் ஊன்றிய கம்பில் தொங்கினார். கரை சேர்ந்தபோது அவர் காலிலும் முள் கீறி இரத்தம் வடிந்தது. மீன் எடுத்துப் போகச் சொன்னேன். அதையும் தூக்க முடியாது இந்தக் காக்காவால் என்று, தன்னை எனக்கு அண்ணனாக்கிச் சிரித்துவிட்டு மூட்டையோடு போய்விட்டார்.

நனைந்த சேலையோடு வீட்டுக்குள் போய்க் கயிற்றை என் வீட்டுக்காரரின் பாயருகே வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"கரையில ஆரார் பார்த்தவங்க?"

"எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நிண்டவங்க" என்றேன்.

அதே கயிற்றில் பிறகும் கெளிறு பட்டது. பெண் தொட்ட கயிறு என்று எவரும் அந்த மீன் குழம்பைத் தள்ளிவைக்கவில்லை, அம்மான் உட்பட. இன்றைக்கும் யாராவது என்னிடம் வழக்கம் என்று வாயெடுத்தால், அந்த நேரத்தில் அவர் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.